இன்டர்வியூவில் "சக ஊழியர்களோடு எப்படிப் பழகுவாய்" என்று கேட்டால் என்னதான் சொல்வது?

குழித்துறைக்காரி (ஞாயிறு, இரவு 9.50)

எல்லாருக்கும் வணக்கம். ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமோ) முடித்து இரண்டரை வருடமாக மார்த்தாண்டம் பக்கம் 40 படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வார்டு, கேஷுவாலிட்டி, ஆள் வராத அன்று தியேட்டர், எல்லாத்துக்கும் நாங்களேதான். வருகிற வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய இடத்தில் இன்டர்வியூ. போன மாதம் அதே ஊரில் வேறொரு இடத்துக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு டிரிப் கணக்கு, ஷாக், ஆக்ஸிஜன் எல்லாம் தடுமாறாமல் சொல்லிவிட்டேன். கடைசியில் நர்ஸிங் சூப்பிரண்ட் மேடம், "கூட வேலை செய்கிறவர்களோடு நல்ல உறவு வர நீ என்ன செய்வாய்? நடந்தது ஒன்றைச் சொல்" என்றார். "எல்லாரோடும் ஃபிரண்ட்லியாகப் பழகுவேன் மேடம், அனுசரித்துப் போவேன், டீமாக வேலை செய்வேன்" என்றேன். "சரி, நடந்தது ஒன்று?" என்று மறுபடி கேட்டார். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. "இதுவரை யாரோடும் சண்டை போட்டதே இல்லை மேடம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார், பேனாவை மூடினார், அவ்வளவுதான்.

இதற்கு என்ன பதில் எதிர்பார்க்கிறார்கள்? மனப்பாடம் செய்கிற மாதிரி யாராவது எழுதிக் கொடுத்தால் கோடிப் புண்ணியம். மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது.

கொழிஞ்சாம்பாறை_எச்ஆர் (ஞாயிறு, இரவு 10.15)

தினமும் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், எச்.ஆர். பிரிவு. இது எல்லா இன்டர்வியூவிலும் வருகிற கேள்விதான் சிஸ்டர், பயப்படாதீர்கள். 'ஸ்டார்' என்று ஒரு முறை உண்டு. எங்கே எப்போது நடந்தது, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. இந்த நாலையும் இதே வரிசையில் சொன்னால் போதும். டாக்டரோடு ஒரு கதை, சீனியரோடு ஒன்று, ஜூனியரோடு ஒன்று, நோயாளி வீட்டாரோடு ஒன்று, வேறு டிபார்ட்மென்டோடு ஒன்று என்று 5 கதை தயார் செய்துகொண்டால் எப்படிக் கேட்டாலும் ஒன்று பொருந்திவிடும். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்தில் முடியவேண்டும். கண்ணாடி முன் நின்று பத்து தடவை சொல்லிப் பாருங்கள்.

இன்சார்ஜ்_நெய்யாற்றின்கரை (ஞாயிறு, இரவு 11.05)

டியூட்டி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். 19 வருடம் நர்ஸ், அதில் 6 வருடமாக வார்டு இன்சார்ஜ், புதிதாக ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மக்ளே, உன்னைத் தோற்கடித்தது அந்தக் கடைசி வரிதான். "யாரோடும் சண்டை போட்டதில்லை" என்று ஒரு நர்ஸ் சொன்னால் எனக்கு இரண்டில் ஒன்றுதான் தோன்றும். ஒன்று, பொய் சொல்கிறாள். இல்லையென்றால் தப்பைப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டு போகிற ஆள். பொய்யைக்கூட நாலு மாதத்தில் சரி பண்ணிவிடலாம். இரண்டாவது ஆள் வார்டில் இருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இன்சுலினை இரண்டு பேர் சரிபார்த்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த இரண்டாவது ஆள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற 'ஃபிரண்ட்லி' ஆளாக இருந்தால் என்ன ஆகும், நீயே யோசி.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்தது, 19 விஷயம். அதில் கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கிற ஒவ்வொருத்தரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒன்று உண்டு. எங்கள் இடத்தில் முதலில் எல்லாரும் சிரித்தார்கள், பத்து வருடமாக ஒன்றாக நிற்கிறோம், இப்போது பெயர் சொல்லணுமா என்று. விஷயம் பெயர் இல்லை. ஒரு தடவை வாய் திறந்தவர்தான் அடுத்த தடவை "டாக்டர், பஞ்சு எண்ணிக்கை ஒன்று குறைகிறது" என்று சொல்வார். டில்லி உட்பட 8 ஊர்களில் அந்த லிஸ்ட்டைப் பரீட்சித்தபோது ஆபரேஷனுக்குப் பிறகான சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் வெளியிட்டார்கள். லிஸ்ட்டில் மருந்து, ரத்தம், எக்ஸ்ரே எல்லாமும் உண்டு, பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் 'உறவு' என்று நாங்கள் கேட்பது இதைத்தான். சேர்ந்து சாப்பிடுகிறாயா, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

எச்.ஆர். தம்பி, கோபிக்க வேண்டாம். கண்ணாடி முன் பத்து தடவை சொன்ன கதை எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். இடையில் ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆள் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

கொழிஞ்சாம்பாறை_எச்ஆர் (ஞாயிறு, இரவு 11.20)

கோபம் ஒன்றும் இல்லை அக்கா. ஆனால் ஒரு நாளைக்கு 60 பேரைப் பார்க்கிற இடத்தில் வரிசையாகச் சொல்லத் தெரியாதவர்கள்தான் முதலில் போகிறார்கள். நல்ல வேலைக்காரி, சொல்லத் தெரியாமல் திரும்பிப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசை வேண்டும், அதைத்தான் சொன்னேன்.

வேலையை_விட்டவன் (திங்கள், காலை 6.40)

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். நான் 5 வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஐ.சி.யூ.வில் இருந்தவன், இப்போது களியக்காவிளையில் மெடிக்கல் ஷாப். இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்று நான் சொல்லட்டுமா? டபுள் டியூட்டி போட்டால் முகம் சுளிப்பாயா, டாக்டர் ஃபைலைத் தூக்கி எறிந்தால் பொறுக்கிக் கொடுப்பாயா, சங்கம் கிங்கம் என்று போவாயா. அதைப் பளிச்சென்று கேட்க முடியாது, அதனால் 'உறவு' என்று பூசிக் கேட்கிறார்கள். 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவித்ததே, அது அனுசரித்துப் போனவர்களால் வந்ததா? தெருவில் உட்கார்ந்தவர்களால் வந்தது. தங்கச்சி, வேலை வேண்டுமென்றால் "அனுசரித்துப் போவேன்" என்றே சொல். அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

இன்சார்ஜ்_நெய்யாற்றின்கரை (திங்கள், மதியம் 2.30)

தம்பி சொல்வதில் பாதி உண்மை. அப்படிக் கேட்கிற இடங்கள் இருக்கின்றன, நானே ஒன்றில் இருந்தேன், இரண்டு வருடத்தில் வெளியே வந்தேன். மீதிப் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே கேள்வியை, சொல்ல வேண்டியதைச் சொல்கிற பெண் வேண்டும் என்பதற்காகவும் கேட்கிறோம். எந்த இடம் எதற்குக் கேட்கிறது என்று உன் பதிலுக்கு அவர்கள் முகம் போகிற போக்கிலேயே தெரிந்துவிடும். நேராகப் பதில் சொன்னதற்காக எடுக்கவில்லை என்றால் நீ தப்பித்ததாக நினைத்துக்கொள்.

இன்னொன்றும் இதோடு சொல்லிவிடுகிறேன். திட்டுவது வேறு, கை வைப்பது, அசிங்கமாகப் பேசுவது வேறு. இரண்டாவது 'உறவு' சமாச்சாரமே இல்லை, அதற்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் இருக்கிறது, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆகவேண்டும். அந்த மாதிரி ஒன்றை "நான் பக்குவமாகச் சமாளித்தேன்" என்று இன்டர்வியூவில் கதையாகச் சொல்லாதே. சொன்ன பெண்கள் இருக்கிறார்கள், கேட்கவே சங்கடமாக இருக்கும்.

குழித்துறைக்காரி, உனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை. இரண்டரை வருடம் 40 படுக்கை. ராத்திரி டாக்டரை எழுப்பியிருப்பாய் இல்லையா? அதில் ஒன்றை எழுது பார்ப்போம்.

செங்கோட்டை_லேப் (திங்கள், மாலை 5.10)

நர்ஸ்கள் பேசுகிற இடத்தில் லேப்காரன் மூக்கை நுழைக்கிறேன். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு வேலைக்குப் போகிறவன். உறவு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது ஒரு பர்ப்பிள் டியூபில், ரத்தம் எடுக்கிற ஊதா மூடிக் குழாய்.

வார்டிலிருந்து ஒரு பொட்டாசியம் வந்தது, 7.8, ஆபத்தான அளவு. ஆள் நடமாடிக்கொண்டிருக்கிறார், ஈ.சி.ஜி. சாதாரணம். கால்சியம் பார்த்தால் தரைமட்டத்தில் இருக்கிறது. பர்ப்பிள் டியூபில் இருக்கிற ஈ.டி.டி.ஏ. பொட்டாசியம் உப்பு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதில் எடுத்த ரத்தத்தை யாரோ மற்ற டியூபில் ஊற்றியிருக்கிறார்கள். போன் பண்ணி "சாம்பிள் சரியில்லை, திரும்ப எடுங்கள்" என்றேன். அந்தப் பக்கம் சிஸ்டர் வெடித்தார். "ஒரு குழந்தைக்கு மூணு தடவை குத்துறோம், நீங்க ஏசியில உக்காந்து ரிஜெக்ட் பண்றீங்க." நானும் திருப்பிப் பேசினேன், மறைக்கவில்லை. வாரத்துக்கு நாலு இதே மாதிரி. ஹீமோலைஸ் ஆனது, அதாவது ரத்த அணு உடைந்தது வேறு, மெல்லிய ஊசியில் இழுத்து இழுத்து எடுப்பது, டியூபை மருந்து பாட்டில் மாதிரிக் குலுக்குவது.

ஒரு நாள் அந்த சிஸ்டரே டியூட்டி முடிந்து லேபுக்கு வந்தார். "என்னதான் பாக்கறீங்கன்னு காட்டுங்க" என்றார். சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழற்றி, அணு உடைந்து இளஞ்சிவப்பாக வந்த சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்) நன்றாக மஞ்சளாக வந்த சீரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பத்து நிமிடம்தான். அப்புறம் நான் அவர் வார்டுக்குப் போனேன், காலை 6 மணிக்கு ஒற்றை ஆளாக 22 பேருக்கு ரத்தம் எடுப்பதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் போனில் "ரிஜெக்ட்" என்ற வார்த்தையைச் சொல்வதில்லை, அவர் பர்ப்பிளை சீரம் டியூபுக்கு அப்புறம்தான் எடுப்பார். இதை அந்த சிஸ்டர் இன்டர்வியூவில் சொன்னால் எந்த பேனலும் எடுக்கும் என்று நினைக்கிறேன். அவர் இப்போது மஸ்கட்டில்.

சித்தூர்_பிசியோ (திங்கள், மாலை 6.00)

லேப் அண்ணன் சொன்னது சரி. நான் நகரிக்காரன், வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு. மூட்டு மாற்றின நோயாளியை நடக்க வைக்க நான் 10 மணிக்குப் போவேன், வலி மாத்திரை 10 மணிக்குத்தான் கொடுத்திருப்பார்கள், பாட்டி "நொப்பி நொப்பி" (வலி, வலி) என்று கத்தும், நான் சிஸ்டரை முறைப்பேன், சிஸ்டர் என்னை முறைப்பார். கடைசியில் எனக்கு 10.45, மாத்திரை 10 என்று பேசி மாற்றிக்கொண்டோம். அவ்வளவுதான் என் உறவுக் கதை. இதைச் சொல்லித்தான் இப்போதைய வேலை கிடைத்தது.

குழித்துறைக்காரி (திங்கள், இரவு 10.20)

அக்கா, எழுதிப் பார்த்தேன். இதோ.

"எங்கள் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி டாக்டர் ஒருவர் எப்போதும் கோபப்படுவார். போன் பண்ணினாலே திட்டுவார். நான் பொறுமையாக இருந்தேன். ஒரு நாள் பித்தப்பை ஆபரேஷன் ஆன நோயாளிக்கு பி.பி. இறங்கியது. நான் உடனே கவனித்து டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்தார், நோயாளி பிழைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்."

எப்படி இருக்கிறது?

இன்சார்ஜ்_நெய்யாற்றின்கரை (திங்கள், இரவு 10.45)

சம்பவம் தங்கம். சொன்ன விதம் தகரம். அவர் கெட்டவர், நீ நல்லவள், கடைசியில் கெட்டவர் திருந்தினார். இதில் உறவை நீ எங்கே உண்டாக்கினாய்? அவர் ஏன் திட்டினார் என்பதே இல்லையே. அதோடு, பழைய இடத்து டாக்டரை முதல் வரியிலேயே குறை சொன்னால், நாளைக்கு எங்களையும் இப்படித்தான் சொல்வாய் என்று எழுதிக்கொள்வோம்.

உண்மையைச் சொல். முதல் தடவை திட்டினாரே, அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய்? அந்த வார்த்தை அப்படியே வேண்டும்.

குழித்துறைக்காரி (திங்கள், இரவு 11.00)

"சார், 9-ஆம் படுக்கை பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று சொன்னேன் 🙈

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? பி.பி. எவ்வளவு?" என்றார். நான் பார்க்கவில்லை. அப்போதுதான் திட்டினார்.

வேலையை_விட்டவன் (திங்கள், இரவு 11.05)

சரி, அதற்கு நானும் திட்டியிருப்பேன்.

இன்சார்ஜ்_நெய்யாற்றின்கரை (திங்கள், இரவு 11.15)

வந்துவிட்டதா! அதுதான் உன் கதை. அப்புறம் என்ன செய்தாய்?

குழித்துறைக்காரி (திங்கள், இரவு 11.40)

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் காலையில் அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது, "சார், ராத்திரி எழுப்பும்போது எப்படிச் சொன்னா உங்களுக்கு வசதி?" என்று கேட்டேன். "நம்பரை முதல்ல சொல்லு, கதையை அப்புறம் சொல்லு, நான் வரணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்றார். அதிலிருந்து போனை எடுப்பதற்கு முன் ஒரு துண்டுப் பேப்பரில் நாலு வரி எழுதிக்கொள்வேன். இரண்டு மாதம் கழித்துதான் அந்தப் பித்தப்பைக் கேஸ். ராத்திரி 2.40. "14-ஆம் படுக்கை, பி.பி. 84/50, நாடி 124. பித்தப்பை ஆபரேஷன் ஆகி 6 மணி நேரம். டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறது, வயிற்றில் வைத்த டிரெயின் குழாயில் 300 மில்லி ரத்தம். உள்ளே கசிகிறது என்று நினைக்கிறேன், நீங்கள் வர வேண்டும் சார்" என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை, செருப்புப் போடாமல் ஓடிவந்தார். திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஆள் இப்போது கருங்கல் சந்தையில் மீன் விற்கிறார்.

இதைப் போய்ச் சொல்லலாமா? என் தப்பு இருக்கிறதே?

கொல்லங்கோடு_இங்கிலாந்து (செவ்வாய், காலை 3.10)

(குமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு, பாலக்காட்டுக் கொல்லங்கோடு இல்லை, ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

தப்பு இருப்பதால்தான் சொல்ல வேண்டும் சகோதரி. நான் திருவனந்தபுரத்தில் 4 வருடம் இருந்துவிட்டு வீடியோ இன்டர்வியூவில் இங்கே தேர்வானவள். இங்கே என்.எச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவ சேவை) 6 விழுமியங்கள் என்று வைத்திருக்கிறார்கள், அதில் முதலாவதே நோயாளிக்காக ஒன்றாக வேலை செய்வது. கேள்வி எல்லாம் அதைச் சுற்றித்தான். என்னிடம் நீ தப்பு செய்து கூட வேலை செய்தவரிடம் போய்ச் சொன்ன ஒன்றைச் சொல் என்றே கேட்டார்கள்.

நீ எழுதிவைத்த நாலு வரிக்குப் பெயர் 'எஸ்பார்'. இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலில் தொடங்கியது, 2000-க்குப் பிறகு கைசர் பெர்மனென்டே என்ற ஆஸ்பத்திரிக் குழுமம் அதை வார்டுக்குக் கொண்டுவந்தது. நீ யாரும் சொல்லித்தராமல் கேட்டுத் தெரிந்துகொண்டாய், அந்தப் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடு, பேனலுக்குப் பிடிக்கும்.

ஒரு சந்தேகம். ராத்திரி 2.40-க்கு டிரெஸ்ஸிங் நனைந்தது உனக்கு எப்படித் தெரிந்தது? 40 படுக்கை, எத்தனை நர்ஸ்?

குழித்துறைக்காரி (செவ்வாய், காலை 7.15)

இரண்டு பேர். அப்போது நான் கேஷுவாலிட்டியில் இருந்தேன். அட்டெண்டர் அக்காதான் வந்து சொன்னார், "14-ஆம் கட்டில்ல போர்வையில ஈரம் இருக்கு மக்ளே, மூத்திரம்னு தோணல" என்று.

கொல்லங்கோடு_இங்கிலாந்து (செவ்வாய், காலை 7.20)

அவர் உன் இரண்டு கதையிலும் இல்லையே!

இன்சார்ஜ்_நெய்யாற்றின்கரை (செவ்வாய், மதியம் 3.00)

நானும் கேட்க மறந்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. மக்ளே, அட்டெண்டர் அக்காவை முதலில் வை. எச்.ஆர். தம்பி சொன்ன வரிசையையும் எடுத்துக்கொள், இப்போது அதில் போட விஷயம் இருக்கிறது. மனப்பாடம் வேண்டாம், அந்த ராத்திரியை நினைத்துக்கொண்டு சொல், போதும்.

நெல்லை_ஐசியூ (செவ்வாய், இரவு 9.00)

மொழி பற்றி யாரும் பேசவில்லை. நான் தூத்துக்குடிப் பக்கம், முதல் வேலை கொல்லத்தில். சேர்ந்த அன்று ஹேண்ட்ஓவரில் (டியூட்டி மாறும்போது நோயாளி விவரம் ஒப்படைப்பது) சேச்சி "மருந்து கழிச்சு" என்றார். நான் நோயாளிக்குப் பேதி என்று நினைத்து ஷீட்டில் எழுதிவிட்டேன். சாப்பிட்டாயிற்று என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். இன்னொரு பாட்டி "பனியுண்டு மோனே" என்றது, நான் ஏசியைக் குறைத்தேன், பாட்டிக்கு 102 டிகிரி காய்ச்சல். பனி என்றால் காய்ச்சல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் பாக்கெட் நோட்டில் நாற்பது வார்த்தை எழுதி தினமும் துப்புரவுச் சேச்சியிடம் ஒப்பிப்பேன், அவர் சிரித்துச் சிரித்துத் திருத்துவார். ஹேண்ட்ஓவரில் புரியாததைத் தலையாட்டாமல் "ஒரு தடவை கூடச் சொல்லுங்க சேச்சி" என்று கேட்கப் பழகினேன். குழித்துறைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஆனாலும் வாசிக்க வராது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

குழித்துறைக்காரி (வியாழன், இரவு 8.45)

போய்விட்டு வந்தேன். காலை 6 மணிக்கே களியக்காவிளையில் பஸ் ஏறிவிட்டேன், 11.30-க்குத்தான் கூப்பிட்டார்கள். மூன்று பேர்: நர்ஸிங் சூப்பிரண்ட், ஒரு டாக்டர், எச்.ஆர். சார்.

உறவுக் கேள்வி வந்தது, ஆனால் வேறு உடுப்பில். "உனக்குப் பிடிக்காத ஒருத்தரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறாயா?" என்று டாக்டர் கேட்டார். அந்தக் கதையைச் சொன்னேன், "ஒரு மாதிரி இருக்கார்" என்ற வார்த்தையோடு. டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார், தனக்கும் தினமும் அப்படி நாலு போன் வருவதாகச் சொன்னார். எஸ்பார் என்று பெயர் சொல்ல மறந்துவிட்டேன் அக்கா, மன்னிக்கணும்.

பிறகு சூப்பிரண்ட் கேட்டார், நான் எதிர்பார்க்காத ஒன்று. "அந்த அட்டெண்டர் ஏன் உன்னிடம் வந்து சொன்னார்? இன்னொரு நர்ஸ் வார்டிலேயே இருந்தாரே?" நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. அதற்கு முன் ஒரு தடவை அவர் ஒரு நோயாளிக்கு மூச்சு சரியில்லை என்று என்னை எழுப்பினார். ஓடிப்போய்ப் பார்த்தேன், குறட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை, "நல்லதுக்கா, அடுத்த தடவையும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன், பிறகு சேர்ந்து கட்டன்சாயா குடித்தோம். அதைச் சொன்னேன். மேடம் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

எச்.ஆர். சார், சீனியர் ஒருத்தர் கை கழுவாமல் டிரெஸ்ஸிங் மாற்றப் போனால் என்ன செய்வாய் என்றார். கை சுத்தம் செய்கிற ஹேண்ட்ரப் பாட்டிலை அவர் முன்னால் நீட்டுவேன், நோயாளி முன் பேச மாட்டேன், பிறகும் தொடர்ந்தால் தனியாகச் சொல்வேன், அப்புறமும் என்றால் இன்சார்ஜிடம் சொல்வேன் என்றேன். "சீனியர் கோபப்பட்டால்?" "கோபம் ஆறிவிடும் சார், புண்ணில் சீழ் வைத்தால் ஆற நாளாகும்" என்று வாயில் வந்துவிட்டது. அதிகப்பிரசங்கித்தனமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசனை.

கடைசியில் நீ ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். புதிதாகச் சேர்கிறவரை முதல் வாரம் யாரோடு போடுவீர்கள் என்று கேட்டேன்.

வேலையை_விட்டவன் (வியாழன், இரவு 9.10)

அந்தக் கேள்விக்கு முகம் எப்படிப் போச்சு? அதைச் சொல்.

குழித்துறைக்காரி (வியாழன், இரவு 9.20)

எச்.ஆர். சார் மேடத்தைப் பார்த்தார். மேடம், "ஒரு மாதம் ஒரே சீனியரோடு, தனியாக ராத்திரி டியூட்டி கிடையாது" என்று உடனே சொன்னார். அண்ணா, நல்ல முகம்தான்.

வேலையை_விட்டவன் (வியாழன், இரவு 9.25)

சரி. எழுத்தில் வாங்கிக்கொள்.

குழித்துறைக்காரி (திங்கள், மாலை 4.30)

கிடைத்துவிட்டது!! ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். கேரள நர்ஸிங் கவுன்சில் பதிவு வேண்டும் என்கிறார்கள், என்னிடம் தமிழ்நாடு கவுன்சில் பதிவுதான் இருக்கிறது, என்ன செய்வது?

இன்சார்ஜ்_நெய்யாற்றின்கரை (திங்கள், மாலை 5.00)

சந்தோஷம் மக்ளே. இன்றைக்கே தமிழ்நாடு கவுன்சிலுக்கு எழுதிப்போடு, அங்கிருந்து சரிபார்ப்பு வந்தால்தான் கேரளத்தில் பதிவு நகரும், அதற்கு நாள் பிடிக்கும். விண்ணப்பம் போட்ட ரசீதை ஆஸ்பத்திரியில் காட்டி, அது வரும்வரை என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். பழைய இடத்து அனுபவச் சான்றிதழை விட்டுவிடாதே, சண்டை போடாமல் வாங்கு. இதில் மட்டும் அனுசரித்துப் போ.

செங்கோட்டை_லேப் (திங்கள், மாலை 5.20)

வாழ்த்துக்கள் சிஸ்டர். பர்ப்பிளை சீரம் டியூபுக்கு அப்புறம் எடுங்கள், உங்கள் லேப்காரன் கும்பிடுவான்.

குழித்துறைக்காரி (திங்கள், இரவு 10.00)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன் வந்தபோது டியூட்டியில் இருந்தேன், பக்கத்தில் அட்டெண்டர் அக்கா மட்டும்தான். இன்டர்வியூவில் உங்களைப் பற்றித்தான் பேசினேன் என்றேன். நம்பவில்லை. "பாலராமபுரம் வழியாத்தானே போவே, வரும்போது எனக்கொரு கைத்தறி நேரியது வாங்கிட்டு வா" என்றார்.